பிழைக்கு விலை கொடுத்தது யார்? ஒரு நிறுவனத்தில் 14 ஆண்டுகள்

நிறுவன வேலையில் சேர்வதற்கு முன் 3 ஆண்டுகள் நான் தனியாக இருந்து இயந்திர உதிரிபாகங்களுக்கு வரைபடம் வரைந்து கொடுத்துவந்தேன். அந்தக் காலத்தில் ஒருமுறை, ஒரு தகட்டில் போட வேண்டிய துளையின் மையத்தைத் தவறான விளிம்பிலிருந்து அளந்து குறித்துவிட்டேன். அந்த வரைபடத்தை நம்பி 40 தகடுகள் வெட்டப்பட்டு, ஒன்றுகூடப் பொருந்தாமல் பழைய இரும்புக்குப் போயின. வாடிக்கையாளர் சத்தம் போடவில்லை. அந்த வேலைக்கான தொகையோடு முந்தைய 2 மாதங்களின் பாக்கியையும் நிறுத்திவைத்தார். அதன்பின் அழைக்கவே இல்லை. தகடுகளின் விலை, என் உழைப்பு, அவருடைய உறவு ஆகிய மூன்றும் ஒரே நாளில் என் கணக்கில் நட்டமாக எழுதப்பட்டன.

பம்புகள் தயாரிக்கும் நிறுவனமொன்றின் வரைபடப் பிரிவில் சேர்ந்த இரண்டாவது ஆண்டில் அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்தேன். 150 மில்லிமீட்டர் குழாயோடு இணையும் விளிம்பில் 8 போல்ட் துளைகள் அமைய வேண்டிய வட்டத்தின் விட்டம் 240 மில்லிமீட்டர். நான் வெளியிட்ட வரைபடத்தில், கைவிடப்பட்ட பழைய வடிவமைப்பின் எண்ணான 235 அப்படியே நின்றுவிட்டது. பொருத்தும் இடத்தில் யாரோ கவனித்துச் சொல்வதற்குள் ஏறத்தாழ 200 வார்ப்புகளில் துளையிட்டு முடித்திருந்தார்கள். அன்று மாலை மேலாளர் என்னை அழைத்து உட்காரவைத்து, "இது எந்தப் படியில் நின்றிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்றுதான் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து, திருத்தப்பட்ட வரைபடத்தை வரைந்தவரைத் தவிர இன்னொருவர் பழையதோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வழக்கம்போல வந்தது, ஒரு காசு குறையாமல்.

நிறுவனத்தில் வேலை செய்வதன் நன்மை என்ன என்று கேட்பவர்களிடம் பெரும்பாலானோர் மாதச் சம்பளத்தையும் விடுப்பையும் மருத்துவக் காப்பீட்டையும் சொல்வார்கள். அவை உண்மைதான். ஆனால் எனக்குக் கிடைத்தவற்றில் மிகப் பெரியது பிழை செய்வதற்கான இடம் என்று இப்போது நினைக்கிறேன். தனியாக இருந்தபோது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலைகளை மட்டுமே ஏற்றேன், ஏனெனில் தெரியாத வேலையில் கைவைத்துக் கெடுத்தால் அந்த மாதம் வாடகை கொடுக்க முடியாது. நிறுவனத்தில் தெரியாத வேலையைத்தான் கொடுத்தார்கள். கெட்டால் தாங்குவதற்கு அவர்களிடம் தோள் இருந்தது. அமெரிக்கப் பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இலேயே இதை விளக்கியிருப்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். முடிவு என்ன ஆகும் என்று கணிக்க முடியாத சூழலில், துணிந்தவர் அந்த நிச்சயமின்மையைத் தாமே ஏற்று மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட வருமானத்தை உறுதி செய்கிறார்; பதிலாக, உழைப்பின் பலனும் அதை வழிநடத்தும் உரிமையும் அவருக்குப் போகின்றன என்பது நைட்டின் வாதம். என் 14 ஆண்டுகளின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரே ஒப்பந்தத்திலிருந்து பிறந்தவை என்பது அதைப் படித்தபோதுதான் புரிந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்தபோது என் நேரத்தில் பாதியை மட்டுமே வரைவதற்குச் செலவிட்டேன். மீதிப் பாதி வேலை தேடுவதிலும், விலை பேசுவதிலும், பேசிய விலையை வசூலிக்க மூன்றாம் முறையாக நினைவூட்டுவதிலும் கரைந்தது. நிறுவனத்தில் சேர்ந்த முதல் மாதம் காலையிலிருந்து மாலைவரை வரைய மட்டுமே முடிந்தது எனக்கு ஒரு விடுமுறைபோல இருந்தது. என்னால் ஒருபோதும் வாங்க முடியாத மென்பொருளும், ஒரு முடியின் தடிமனைவிடக் குறைவான பிழையையும் காட்டிக்கொடுக்கும் முப்பரிமாண அளவீட்டு இயந்திரமும் அங்கே இருந்தன. அவற்றைவிடப் பெரிய சொத்து மனிதர்கள். வார்ப்புக் கூடத்தில் 30 ஆண்டுகள் கழித்திருந்த ஒருவர் என் வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தடித்த சுவரும் மெல்லிய சுவரும் சேரும் மூலையில் விரலை வைத்து, "இங்கே உள்ளே குழி விழும்" என்றார். உறைந்த இரும்பு மேலும் குளிரும்போது நீளத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்பதும், அதற்காகவே அச்செடுக்கும் மர மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்கிறார்கள் என்பதும் நான் பாடத்தில் படித்தவைதான். ஆனால் தடித்த பகுதி கடைசியில் உறையும்போது, உறைவதால் வரும் சுருக்கத்தை ஈடுகட்ட உருகிய உலோகம் கிடைக்காமல் உள்ளே வெற்றிடம் உண்டாகும் என்பதை, அவர் ஒரு வார்ப்பை அறுத்துக் காட்டியபோதுதான் உண்மையில் கற்றேன். என் 3 ஆண்டுத் தனித் தொழிலில் இப்படி ஒரு மூலையில் விரல் வைத்துச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

இதிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது: முதல் 2 ஆண்டுகளில் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்பதற்குச் செலவிடும் யோசனையில் பாதியையாவது, யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிறோம் என்பதை அறிவதற்குச் செலவிடுங்கள். நேர்காணலின் முடிவில் கேள்வி ஏதேனும் உண்டா என்று கேட்கும்போது, என் வேலையை யார் சரிபார்ப்பார், அவரை நான் சந்திக்க முடியுமா என்று கேட்கலாம். அந்தக் கேள்வியால் எனக்கு எங்கும் வேலை கைநழுவியதில்லை.

இனி மறுபக்கம். நிச்சயமின்மையை நிறுவனம் ஏற்கிறது என்றால், எதை, எப்போது, எவ்வளவு வேகத்தில் செய்வது என்பதையும் அதுவே தீர்மானிக்கும். சேர்ந்து ஆறாவது ஆண்டில் ஒரு புதிய பம்பு வரிசையை அறிவித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்று ஆணை வந்தது; நாளைக் குறித்தவர்கள் வரைபடப் பிரிவைக் கேட்டுக் குறிக்கவில்லை. 8 மாதங்கள் வாரத்துக்கு 60 மணிநேரத்துக்குக் குறையாமல் உழைத்தோம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணிநேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட, 55 மணிநேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதயக் குருதிக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல். அந்த எண்கள் அப்போது எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வயிறு இறுகத் தொடங்கும் என்பதும், முன்பு ஆர்வத்தோடு பார்த்த வரைபடத்தை வெறும் கோடுகளாகப் பார்க்கிறேன் என்பதும் மட்டும் தெரிந்தன. பணிச்சோர்வு என்று அதற்குப் பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆம் நோய் வகைப்பாட்டில் அதை நோயாகக் கருதாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவாகக் குறிப்பிட்டு, ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது விலகலும் கசப்பும் தோன்றுதல், செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற உணர்வு என மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. மூன்றும் எனக்கு இருந்தன. எல்லாவற்றுக்கும் காரணம் என் சோம்பல்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கூடுதலாக உழைத்தேன்; அதுதான் அந்த நிலையின் கொடுமை.

மீண்டது எப்படி என்றால், பெரிய வீரம் எதுவும் இல்லை. சேர்ந்திருந்த விடுப்பில் 12 நாள் எடுத்தேன். திரும்பி வந்தபின், புதிய வேலை ஒன்றைத் தரும்போதெல்லாம் முடியாது என்று சொல்லாமல், கையில் உள்ள வேலைகளின் பட்டியலை மேலாளரிடம் நீட்டி, "இவற்றில் எதைத் தள்ளிவைக்கட்டும்?" என்று எழுத்தில் கேட்கத் தொடங்கினேன். மறுப்பு என்றால் மறுத்தவர்மீது வருத்தம் வரும். இப்படிக் கேட்டால் முடிவெடுக்கும் பொறுப்பு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய்ச் சேர்கிறது. பாதி நேரம், புதிய வேலை அவ்வளவு அவசரமில்லை என்ற பதில் வந்தது.

பயண நேரத்தை வேலை நேரத்தில் யாரும் எண்ணுவதில்லை. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ஆண்டுக்கு 240 நாள் சென்றால் 480 மணிநேரம், அதாவது 8 மணிநேர வேலை நாட்களில் 60. சம்பளத்தை ஒப்பிடும்போது இந்த 60 நாட்களையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நான் வீடு மாறியது அப்படி எழுதிப் பார்த்த பிறகுதான்.

ஆண்டு மதிப்பீட்டைப் பற்றி நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு காலகட்டத்தில், ஒருவர் மாதத்துக்கு எத்தனை வரைபடங்கள் வெளியிட்டார் என்பதை வைத்து எங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். மூன்றே மாதங்களில், ஒரே தாளில் அடங்க வேண்டிய பாகம் மூன்று தாள்களாகப் பிரிந்தது. எண்ணிக்கை ஏறியது, மூன்று தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாகத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய தளப் பணியாளர்களின் பொறுமை இறங்கியது. பிரித்தானியப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒன்று, அளவுகோலையே இலக்காக்கினால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற வடிவத்தில் பிற்பாடு பரவியது. எங்கள் பிரிவு அதற்கு நல்ல உதாரணம். நானும் தாள்களைப் பிரித்தேன் என்பதை ஒளிக்கவில்லை. சரியாக வேலை செய்த ஒருவர் அந்த ஆண்டு குறைந்த மதிப்பெண் வாங்கி வெளியேறினார். அவருக்காக நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நிறுவனத்தில் நீண்ட காலம் இருப்பதன் விலைகளில் இந்த மௌனமும் ஒன்று.

ஊதிய உயர்வில் நான் செய்த தவறு இன்னும் எளியது: கேட்கவில்லை. நன்றாக உழைத்தால் தானாக வரும் என்று நம்பினேன். ஒன்பதாவது ஆண்டில், நான் பயிற்சி கொடுக்க வேண்டிய புதியவரின் சம்பளம் என்னுடையதைவிடக் கூடுதல் என்பது தற்செயலாகத் தெரியவந்தது. அவர்மீது எந்தத் தவறும் இல்லை. வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது சந்தை விலை கொடுத்தாக வேண்டும், உள்ளே இருப்பவருக்கோ கடந்த ஆண்டுச் சம்பளத்தின்மீது சில சதவீதம் போதும் என்று நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும் சம்பளம் 10 ஆண்டுகளில் 1.63 மடங்காகும், 8 சதவீதம் உயர்ந்தால் 2.16 மடங்கு. 3 சதவீத வித்தியாசம் ஓர் ஆண்டில் சண்டை போடத் தகுதியற்றதாகத் தெரியும். பத்தாண்டுகளில் அது ஒரு வீட்டுக்கடனின் கனம் பெறும். பொருட்களின் விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் காலத்தில் 4 சதவீதம் உயர்வு என்பது உண்மையில் சம்பளக் குறைப்பு என்பதையும் நான் மிகத் தாமதமாகவே உணர்ந்தேன்.

அதன்பின் இரண்டு பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மாலை 10 நிமிடம் ஒதுக்கி, அந்த வாரம் எதைச் செய்தேன், அதனால் என்ன குறைந்தது அல்லது கூடியது என்று சொந்தக் குறிப்பேட்டில் எழுதுவேன். நிறுவனத்தின் இரகசிய அளவுகளோ வாடிக்கையாளர் பெயர்களோ அதில் இருக்காது; "ஒரு மூடியின் எடையை 11 சதவீதம் குறைத்தேன், துளையிடும் படிகள் 5இலிருந்து 3 ஆயின" என்ற அளவில் இருக்கும். இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒருமுறை, வேலை மாறும் எண்ணம் இல்லாவிட்டாலும், வெளியே என் திறமைக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரிப்பேன். அடுத்த ஆண்டின் செலவுத் திட்டம் முடிவாவதற்கு 2 மாதங்களுக்கு முன்பே குறிப்பேட்டையும் விசாரித்த தொகையையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் பேச வேண்டும். மதிப்பீட்டு நாளில் பேசினால், முடிந்த கணக்கை அவர் அறிவிக்க மட்டுமே முடியும்.

பதவி உயர்வு பற்றி ஒரு சொல். பத்தாவது ஆண்டில் குழுத் தலைமை தந்தார்கள். நல்ல வரைவாளர் நல்ல தலைவராகவும் இருப்பார் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். 2 ஆண்டுகள் கூட்டங்களிலும் விடுப்பு அட்டவணைகளிலும் கழிந்தன. ஒரு கோடுகூட வரையவில்லை. திரும்பப் பழைய வேலைக்கே வருகிறேன் என்று நான் கேட்டபோது அதைத் தோல்வியாகவே எல்லோரும் பார்த்தார்கள். ஏற்பதற்கு முன்பே, பிடிக்காவிட்டால் 6 மாதத்தில் திரும்பலாமா என்று கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பதினான்காவது ஆண்டில் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்தது. இரண்டு வரைபடப் பிரிவுகள் தேவையில்லை என்று முடிவாயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குப் பேச அழைத்தார்கள். 11 மணிக்கு என் மின்னஞ்சல் திறக்கவில்லை. அழைத்துச் சொன்னவர் மரியாதையாகவே பேசினார், சட்டப்படி தர வேண்டியதைத் தந்தார்கள், ஆகவே அநீதி என்று சொல்லமாட்டேன். என்னை உலுக்கியது வேறொன்று. நான் வரைந்த ஆயிரக்கணக்கான வரைபடங்களில் ஒன்றைக்கூட என்னால் யாருக்கும் காட்ட முடியாது. அவை நிறுவனத்தின் உடைமை என்று முதல் நாள் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தில் நானே ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிழைக்கு விலை கொடுத்தவருக்கே படைப்பும் சொந்தம். ஒப்பந்தம் நேர்மையானதுதான், ஆனால் அதன் இரண்டாவது பாதியை நான் 14 ஆண்டுகள் மறந்திருந்தேன்.

அடுத்த வேலைக்கு என்னைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இன்னொரு குறையும் தெரிந்தது. எனக்குத் தெரிந்தவற்றில் பெரும் பகுதி, எந்தப் படிவத்தை யாரிடம் கொடுத்தால் இரண்டு நாளில் திரும்பி வரும், எந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பன போன்ற அறிவு. அந்தக் கட்டடத்துக்குள் அது தங்கம். வாசலைத் தாண்டினால் செல்லாக் காசு. எங்கும் பயன்படும் பயிற்சி, ஒரே நிறுவனத்துக்கு மட்டும் பயன்படும் பயிற்சி என்று அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1960களில் பிரித்துக்காட்டியது, மனிதரின் அறிவையும் திறமையையும் முதலாகப் பார்க்கும் மனித மூலதனம் பற்றிய பொருளியலில் அடிப்படைப் பாடம். வேலையில் இருக்கும்போதே, இந்த ஆண்டு நான் புதிதாகக் கற்றவற்றில் எவை வாசலுக்கு வெளியேயும் செல்லும் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஓர் ஆண்டில் அப்படி ஒன்றுகூட இல்லையென்றால், சம்பளம் எவ்வளவு வந்தாலும், அந்த ஆண்டு கையிருப்பைச் செலவு செய்து வாழ்ந்த ஆண்டுதான்.

என்னைக் காப்பாற்றியவை சில சாதாரணப் பொருட்கள். வீட்டில் ஒரு கோப்பில் நியமனக் கடிதம், உயர்வுக் கடிதங்கள், எல்லா மாதச் சம்பளச் சீட்டுகள், காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றின் நகல்கள் இருந்தன. பலர் இவற்றை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்து, அது அடைபட்டபின் ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார்கள். 7 மாத வீட்டுச் செலவு தனிக் கணக்கில் இருந்தது. அது இல்லாதிருந்தால் முதலில் கிடைத்த வேலையை, எவ்வளவு மோசமானதாக இருந்தாலும், ஏற்றிருப்பேன். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதால் சொந்தமாகச் சிறிய காப்பீடு ஒன்று முன்பே எடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமைக் குறிப்பேடு இருந்தது. காட்ட வரைபடம் இல்லாத எனக்கு, செய்தவற்றை எண்களோடு சொல்ல அதுவே உதவியது. பிறகு, வார்ப்புக் கூடத்து அந்தப் பெரியவர். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்த அவர்தான், தமக்குத் தெரிந்த இரண்டு இடங்களில் என்னைப் பற்றிச் சொன்னார்.

இரண்டு இடங்களிலும் நேர்காணல் நடந்தது. இரண்டு இடத்திலும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டேன்: வெளியான வரைபடத்தில் பிழை இருப்பது தெரிந்தால் இங்கே என்ன நடக்கும்? முதல் இடத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் ஆட்கள் பிழை செய்வதில்லை" என்றார். இரண்டாவது இடம் சிறியது. சம்பளமும் 10 சதவீதம் குறைவு. அங்கே கேள்வியைக் கேட்டதும், மேலாளர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துவந்து மேசைமேல் திறந்து வைத்தார். இதுவரை நடந்த பிழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். என்ன நடந்தது, எந்தப் படியில் நின்றிருக்கலாம், அதன்பின் எது மாற்றப்பட்டது என்று மூன்று பத்திகள். செய்தவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அங்கேதான் சேர்ந்தேன். சேர்ந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கோப்பில் இப்போது ஒரு பக்கம் என்னுடையது.